நேவி ப்ளூவும் ஒரு தத்துவ வாத்தியாரும்

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பாண்டி பஜார் பின்சந்தில், ஜாக்கெட் துணி மேட்சிங் கடையில் நின்றபோது பாதி காதில் விழுந்தது. மீதி நான் போட்ட ஒட்டு. துணிக்குப் பேரம் பேசினேன், கதைக்குப் பேசவில்லை. எங்கேயாவது சேதாரம் இருக்கும், பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஆரம்பம்: 'ஆயிரம் நிறங்களுக்கு நடுவே ஒரு மனிதர் இருளை நோக்கி...' வேண்டாம். அவரே அழவில்லை, நான் எதற்கு?

2
கடைக்காரர் அப்துல் கய்யூம் பாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் சிக்கல் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. பாய் அசையவில்லை.

"கறுப்பு கேட்டா நேவி ப்ளூவைக் கிழிச்சுக் குடுத்திருக்கேளே! வெயில்ல பார்த்தப்பறம்னா தெரியறது" என்று வந்து நின்றார் நீரஜா மாமி.

"கான்ட்ராஸ்ட் மாமி. இப்ப அதான் ஓடுது. எல்லாம் நல்லதுக்குத்தான்."

"யாருக்கு?"

[மாமியை இங்கேயே அனுப்பிவிடுகிறேன். விட்டால் கதையை அவரே நடத்துவார்.]

3
பாயின் மகள் ஜோயா, கல்லூரியில் பாடமாக வைத்த பழைய பிரெஞ்சு நையாண்டி நாவலை அவருக்குத் தினமும் கடையில் படித்துச் சொன்னாள். அதில் ஒரு தத்துவ வாத்தியார். பூகம்பம் வந்தாலும் கப்பல் கவிழ்ந்தாலும், உலகம் இதைவிட நன்றாக இருக்க முடியாது என்பவர். அவர் படும் பாட்டைக் கேட்டாவது அத்தாவுக்கு உறைக்காதா என்று பார்த்தாள்.

அத்தாவுக்கு வாத்தியாரை ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னா வியாபாரிம்மா இவன்! டேமேஜ் பீஸை முழு விலைக்கு விக்கிறான் பாரு!"

"அத்தா, அது கிண்டல்."

"கிண்டல் பண்றவன் கடை எங்க இருக்குது, சொல்லு?"

ஜோயாவுக்குப் பொறுக்கவில்லை. "சரி, பந்தயம். கடைசியில வாத்தியார் மாறிட்டா நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். மாறலைன்னா உங்க கண்ணைப் பத்தி நான் வாயே திறக்கலை."

(அடிக்குறிப்பு: அவள் அதுவரை கடைசி அத்தியாயத்தைப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்காத சரக்குக்கு வாக்குக் கொடுப்பவள் வியாபாரி மகளா? பாத்திரத்தை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். பயந்தவர்கள் பேரம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

4
வாத்தியார் மாறவில்லை.

[ஜோயாவைப் பொய் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.]

"அவருக்கே நம்பிக்கை போயிடுச்சு அத்தா. ஆனா, ஒரு தடவை சொல்லிட்டோமேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்."

பாய் கத்தரியைக் கீழே வைத்தார். "விலையைச் சொல்லிட்டான். நாலு பேர் முன்னாடி எப்படி இறக்குவான்? பாவம்."

ஜோயா புத்தகத்தை மூடினாள்.

"நீ தோத்துட்டம்மா."

"ஆமா அத்தா."

பாய் ஒரு துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "ஆபரேஷன் பண்ணி, இருக்கிற பார்வையும் போயிட்டா?" என்றார்.

5
இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். கட்டு அவிழ்த்ததும் நிறங்கள் பளிச்சிடுவது ஒன்று. கல்லாவில் ஜோயா உட்காருவது இன்னொன்று. இரண்டும் ஷோகேஸ் பொம்மைக்கு உடுத்துகிற சரக்கு.

கண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ஜோயா வாக்குக் கொடுத்துவிட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் துணிப் பையை வாங்கிக்கொண்டு நழுவப் பார்க்கும் ஆள். நீங்கள் யாரிடமும் பந்தயம் கட்டவில்லையே.

பாய் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. என்ன சொல்லப்போகிறீர்கள்?