பைக்குள் இருந்த கருவி

கல்லை அரைக்கும் கல்மாவு ஆலையில் எந்தப் பொருளும் வெறுமனே இருக்காது. சாப்பாட்டு டப்பா, கைபேசி, வருகை நோட்டு எல்லாம் பாலித்தீன் பைக்குள்தான். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் எல்லாமே ஒரே வெள்ளை. அதனால் மூட்டை தைக்கிற அக்கா, காலையில் முதல் வேலையாகத் தூசு அளக்கும் கருவியைப் பைக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிச் சட்டையில் குத்திக்கொள்வாள். பிறகுதான் ஊசியை எடுப்பாள்.

ஆலைக்குள் எவ்வளவு தூசு இருக்கலாம் என்று அரசாங்கம் விதி எழுதுகிறதாம். இந்த முறை ஜனங்களைக் கேட்டுத்தான் எழுதுவார்களாம். தூசு அளக்க ஆலைக்கு ஒருவரைக் குலுக்கலில் எடுத்ததில் அக்காவின் பெயர் விழுந்தது. கருவியைக் கொண்டுவந்த அதிகாரி, ஓடும் இயந்திரத்துக்கு நடுவே நின்று இரண்டு நிமிடம் என்னவோ கத்திவிட்டுப் போனார். அவள் காதில் விழுந்தது மேஸ்திரி சொன்னது மட்டும்தான்.

"பத்திரம். அழுக்கு கிழுக்கு பட்டுக் கெட்டுச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

மாவு கொட்டும் குழாயடியில் சாக்குப் பிடிப்பவள் அவளுடைய தங்கை. மூன்று மாதமாக இருமல். தூசியில்லாத வேலைக்குப் போகச் சொன்ன டாக்டர், அது எங்கே கிடைக்கும் என்று எழுதித் தரவில்லை.

"உனக்கென்னக்கா, மந்திரி கணக்கா மெடல் குத்திக்கிட்டுத் திரியுற" என்றாள் தங்கை.

"சிரிடி, சிரி. இதுல அளவு ஏறட்டும், உன் தலைக்கு மேல தூசு உறிஞ்சுற ஃபேன் மாட்டியே ஆகணும்னு விதி வந்துரும்."

ஒரு மாதம் போனது. அளந்த முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு இருவரும் குளித்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கருவி பையோடு அக்காவின் மடியில் இருந்தது. அதிகாரி அதேபோல் இன்னொன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் சின்ன ஓட்டை வழியா காத்து உள்ள போகும். அதுல இருக்குற தூசைத்தான் இது அளந்து, தானாவே எங்க ஆபீசுக்கு அனுப்பும்."

அக்கா மடியைக் குனிந்து பார்த்தாள்.

"உங்க ஆலையில தூசு வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருக்கு. இத நாங்க சொல்லல, உங்கள்ல ஒருத்தரே அளந்து குடுத்தது. அதனால ஃபேன் தேவையில்லன்னு அறிக்கையில எழுதியாச்சு."

கைதட்டினார்கள். அக்கா எழுந்தாள்.

"ஐயா, தப்பு என்னோடதுங்க. கெட்டுடக் கூடாதுன்னு இத மூடியே வச்சிருந்தேன். நீங்க சொல்றது பைக்குள்ள இருந்த காத்துங்க. இன்னும் ஒரு மாசம் குடுங்க, மூடாம குத்திக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சுவரைப் பார்த்தான்.

"கெடு முடிஞ்சிருச்சேம்மா. அடுத்த தடவை அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்" என்றார் அதிகாரி.

அவர் பையை வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றிக் கருவியை வெளியே எடுத்தார். புத்தம் புதிதாக மின்னியது.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார்.

பையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த வெள்ளை மாவு, அவர் முன்னால் மேசையில் இருந்த அறிக்கையின் மேல் கொட்டியிருந்தது. அவர் குனிந்து, ஃபூவென்று ஊதினார். முன்வரிசையில் தங்கை இருமத் தொடங்கினாள்.