மலர்க்கொடியின் சீசா

ராயபுரம் மீன் சந்தையில் போலீசுக்காரனையே வாயால் விரட்டுகிற பவுனம்மாள், தர்மாஸ்பத்திரி டாக்டர் ரகுபதி முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவாள்.

காரணம், அவளுடைய சர்க்கரை நோயை அவர் சோதிக்கிற நீல மருந்துதான். நோயாளிகள் சீசாவில் கொண்டுவரும் சிறுநீரை அதில் சொட்டுவிட்டுக் காய்ச்சுவார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். ஏறியிருந்தால் செங்கல் நிறமாகும். செங்கல் நிறம் வந்தால் போச்சு. வரிசை முழுக்கக் கேட்கும்படி மானத்தை வாங்கிவிடுவார், இனி இன்சுலின் ஊசி கிடையாது என்பார். நல்ல மனுஷன்தான், நாக்குதான் நெருப்பு.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி நோய்நொடி தெரியாத சின்னப் பெண். அவளுடைய சிறுநீரை வாங்கிக்கொண்டு போனாள். நீலம் அசையவில்லை. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு இன்சுலினைப் பாதியாகக் குறைத்தார்.

மூன்றே வாரத்தில், மீன்முள் குத்திய கால்விரல் கறுத்து நாறத் தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தும் தாகம் அடங்கவில்லை. சொன்னால் டாக்டர் துரத்திவிடுவார்; சொல்லாவிட்டால் கால் போகும், உயிரும் போகும்.

அடுத்த சோதனைக்கும் மலர்க்கொடியின் சீசாவையே நீட்டினாள்; நீலம்தான் வந்தது. டாக்டர் சிரிக்க வாய் திறக்கும்போது, பவுனம்மாள் காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"இது என்னுது இல்லீங்க டாக்டரே. மலர்க்கொடியாண்ட வாங்கியாந்தேன். நீங்க கத்துவீங்கன்னு பயந்துகினு இப்டி பண்ட்டேன்."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கத்தல் வரவில்லை. டாக்டர் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். விரல் தேறாது, காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

பிறகு வரிசையைப் பார்த்து, வேறு யாராவது இப்படிக் கொண்டுவந்திருக்கிறீர்களா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். வரிசையில் நின்ற கன்னியம்மா தன் சீசாவை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் மறைத்தார்கள்.

டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. போன மாதம் திடீரென்று செத்துப்போன தாயம்மாவுக்கும் கடைசிவரை நீலம்தான் வந்தது. அவளுக்கும் அவர்தான் இன்சுலினைக் குறைத்திருந்தார்.

"தாயம்மாவுமா?" என்றார்.

பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவதாங்க எங்களுக்கு இத்தச் சொல்லிக் குட்த்தா."