உபயம் எழுதிய சிலேட்டு

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடத் தொடங்கியதும் வீடில்லாத பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மழை பொய்த்து வடமதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திண்டுக்கல் கூட்ஸ் ஷெட் மதிலோரம் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள். பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை, சோறும் உண்டு. ஆனால் எழுத ஒரு சிலேட்டு வேண்டுமே, அதை யார் தருவது? அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கும். ரெண்டாம் வகுப்பு டீச்சரான எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

எங்கள் மேட்டுத்தெருவில் வரி செலுத்துவோர் சங்கம் என்று ஒன்று இருந்தது. சாக்கடை நாறினால் மனு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு என்று ஓயாமல் மனுக் கொடுப்பதுதான் அதன் வேலை. தலைவர் பூட்டுக்கடை நாச்சிமுத்து. வீட்டு வரி கட்டுகிறவர்கள் இஷ்டப்பட்டால் கூடக் கொஞ்சம் சங்கத்தில் போடட்டும், கட்டாயமில்லை, அதில் இந்தப் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் புத்தகமும் வாங்கிவிடலாம் என்று அவரிடம் போய்க் கேட்டேன். மனிதர் உடனே தலையாட்டினார். வீடு உள்ளவன்தானே வீட்டு வரி கட்டுகிறான், வீடில்லாத பிள்ளைக்கு அவன் செய்யாமல் யார் செய்வது என்று கூட்டத்தில் அவரே எழுந்து பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த பேச்சு வந்தது.

"பேரு போட்டுறணும் டீச்சரம்மா."

"எதுல?"

"சிலேட்டுச் சட்டத்துலதேன். உபயம் இன்னாருன்னு."

கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால் வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் பெயர் எழுதுகிற ஊர் இது. எங்கள் மாதா கோயில் பெஞ்சுகளைப் பார்த்தால் எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது.

"பிள்ளைக படிக்கிறதுக்குக் குடுக்கிறீங்களா, உங்க பேரைச் சுமக்கிறதுக்கா?"

"பேரு இல்லைன்னா எவன் தருவான்? நீங்களே சொல்லுங்க."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். போர்டு எழுதுகிற பெயிண்டர் வந்து ஒவ்வொரு சிலேட்டின் மரச்சட்டத்திலும் வெள்ளைப் பெயிண்டால் எழுதிக் கொடுத்தார்.

'உபயம்: பூட்டுக்கடை நாச்சிமுத்து' என்ற சிலேட்டு கருப்பம்மாளுக்குக் கிடைத்தது. ஏழு வயசுப் பிள்ளை. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் அய்யம்மாளின் ஒரே மகள். தகப்பன் இல்லை. நான் பாடம் நடத்தி முடிப்பதற்குள் இவள் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவாள். அவளுக்குப் புத்தகத்தைவிடச் சிலேட்டுச் சட்டம்தான் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் அதை எழுத்துக் கூட்டி, 'நா... ச்... சி...' என்று தொடங்கி முழுப் பெயரையும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் தெருவில் எந்தப் போர்டைக் கண்டாலும் நின்றுவிடுவாள். இந்த ஒரு பிள்ளையையாவது எட்டாவது வரை தள்ளிவிட்டால் எங்கேயாவது டீச்சர் டிரெய்னிங்கில் சேர்த்துவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்ட ஆரம்பித்தேன். என் சொந்தப் பிள்ளையைப் பற்றிக்கூட அவ்வளவு யோசித்தவள் இல்லை நான்.

ஒரு நாள் அவள் வரவில்லை. மதியம் சோற்றுக்கு வந்த பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடி வந்தன.

"டீச்சர்! கருப்பம்மாளையும் அவுக ஆத்தாளையும் போலீசு கூட்டிட்டுப் போயிருச்சு!"

வகுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டேஷனில் அய்யம்மாள் சுவரோடு ஒண்டிக் குத்தவைத்திருந்தாள். பக்கத்தில் கருப்பம்மாள் நின்றாள். ஏட்டு மேஜைமேல் அந்தச் சிலேட்டு. சட்டத்தில் பெயர் இருந்த இடம் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாகிக் கிடந்தது.

"என்ன அய்யம்மா இது?"

"பேரு போட்ட சாமானுல்ல டீச்சரம்மா!" என்று அவள் அழுதாள். "ஊருல களை வெட்டுனதுக்குக் கூலிக்குப் பதிலா ஒரு வீட்டம்மா சொம்பு குடுத்துச்சு. அதுல அவுக பேரு வெட்டியிருந்துச்சு. வழியிலயே திருட்டுச் சொம்புன்னு போலீசு என்னையப் புடிச்சுருச்சு. எம் புருசன் நாந்தேன் எடுத்தேன்னு ஏத்துக்கிட்டுச் செயிலுக்குப் போச்சு, உசுரோட திரும்பலை. நேத்து இந்தப் புள்ளை சிலேட்டக் காட்டி, ஆத்தா, இதுல நாச்சிமுத்துன்னு எழுதிருக்குன்னு வாசிக்கிறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அதேன் செங்கல்ல வச்சுச் சொரண்டுனேன். அதை இந்த ஐயா பாத்துட்டாரு."

பாத்திரத்தில் பெயர் வெட்டினால் அது உடைமைக்காரன் பெயர். கோயில் விளக்கில் எழுதினால் அது கொடுத்தவன் பெயர். அய்யம்மாள் பாத்திரத்தை அறிந்தவள், கோயிலுக்குள் அவளை யார் விட்டார்கள்? எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"பேரைச் சொரண்டுனவ திருடாமலா சொரண்டுவா?" என்றார் ஏட்டு. "ஆத்தாக்காரி வாயத் தொறக்கலை. பாப்பாகிட்ட, இதுல யாரு பேரு இருந்துச்சுன்னு கேட்டேன். பளிச்சுன்னு சொல்லிருச்சு. நல்ல புள்ளை."

வகுப்பில் கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று சொல்வாளே, அப்படித்தான் சொல்லியிருப்பாள். சங்கம் கொடுத்த சிலேட்டு ஐயா என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். கொடுத்தவர் வந்து சொல்லட்டும் என்றுவிட்டார் ஏட்டு.

கடைக்குப் போய் நாச்சிமுத்துவைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் சிலேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப் போய்விட்டது.

"எம் பேரைச் சொரண்டிட்டாளா?"

"இது உங்க சிலேட்டுத்தானா?" என்று கேட்டார் ஏட்டு.

"பின்னே? என் சிலேட்டேதான்."

அய்யம்மாள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"குடுத்த பிறகு அது எப்படிங்க உங்க சிலேட்டு? அந்தப் பிள்ளை சிலேட்டு! வாயத் தொறந்து சொல்லுங்க!"

நாச்சிமுத்து திகைத்துப் போய் அய்யம்மாளைப் பார்த்தார்.

"நான் குடுத்ததுதேன் ஏட்டய்யா. விட்டுருங்க" என்றார், மெதுவாக.

விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இப்பிடி ஆகும்னு கனாவுலகூட நினைக்கலை டீச்சரம்மா. பெயிண்டரை விட்டு மறுபடியும் நல்லா எழுதித் தரச் சொல்றேன்."

நான் கருப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். நின்றிருந்தால் அசிங்கமாகப் பேசியிருப்பேன்.

நாலைந்து நாள் கழித்துக் கருப்பம்மாள் சோற்று வேளைக்கு வந்தாள். என் கைக்காசில் வாங்கி வைத்திருந்த வெறும் சிலேட்டை அவளிடம் நீட்டினேன். நாலு சட்டத்தையும் தடவிப் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், பிறகுதான் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கரும்பலகையில் 'மாடு வந்தது' என்று எழுதி அவளை எழுப்பினேன்.

"வாசி பாப்பம்."

"தெரியாது டீச்சர்."

"முதல் எழுத்து?"

"தெரியாது டீச்சர்."

பிள்ளைகள் சிரித்தன. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உனக்கா தெரியாது? டீச்சர்கிட்ட மட்டும் சொல்லு."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"வாசிச்சா ஆத்தாளைப் புடிச்சுட்டுப் போவாகளா டீச்சர்?"

"இல்லடி தங்கம், யாரும் பிடிக்க மாட்டாங்க" என்று அவளை அணைத்துக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். திரும்ப எழுந்து நிற்கச் சொன்னபோது, கையைக் கட்டிக்கொண்டு, தெரியாது என்றுதான் சொன்னாள். பலகையில் இருந்ததை அன்றைக்கு வேறு பிள்ளைதான் வாசித்தது.