பாடாத மரம்

லிசியாத்தேயின் வெள்ளைச் சட்டையில் எறும்பு ஏறியிருந்தது.

முந்தின சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டிய சட்டை. காலர் ஓரத்தில் தொடங்கி இடது கை மடிப்பு வரைக்கும் சின்னச் சின்ன எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. யோத்தேபா பாயில் உட்கார்ந்தபடி அதையே பார்த்தான். எறும்புக்கு வேதமும் தெரியாது, வெட்கமும் தெரியாது. இனிப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

"என்னடா அப்படிப் பாக்குற?" என்றான் லிசியாத்தே. சட்டையை எடுத்து ஒரு உதறு உதறி மாட்டிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல, சகோதரரே," என்றான் யோத்தேபா. கோபம் வந்தால் மட்டும்தான் அவன் 'சகோதரரே' என்பான்.

இருவரையும் சபை ஒன்றாகக் கோர்த்து ஊழியத்துக்காக இந்தத் தீவுக்கு அனுப்பியிருந்தது. யோத்தேபா தலைத்தீவான தராவாவைச் சேர்ந்தவன், கப்பல் துறைக்குப் பக்கத்தில் சிமெண்டு வீட்டில் வளர்ந்தவன். லிசியாத்தே டோங்காவிலிருந்து வந்தவன், கதவு அகலம் உள்ளவன். இந்த ஊர் மொழியை அவன் பேசினால் ஓட்டை வாளியில் தண்ணீர் கொண்டுவருகிற மாதிரி பாதி வழியிலேயே கொட்டிப்போகும். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் அவன் முதுகில்தான் தொங்கின. கிழவிகள் அவனுக்குத்தான் மீன் தலையை எடுத்து வைத்தார்கள். விடியலில் வேதம் வாசிப்பது, ஆலயத்தைச் சுற்றி உதிர்ந்த ஈரப்பலா இலையைப் பெருக்குவது, மிதிவண்டிக்குக் காற்றடித்து வீடு வீடாகப் போவது, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது என்று எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே செய்தார்கள். சேர்ந்தே செய்ய வேண்டும் என்பதுதான் சபையின் விதி. ஒருவன் கண்ணிலிருந்து மற்றவன் மறையக் கூடாது. குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் மட்டும் விலக்கு.

அந்த விலக்கில்தான் யோத்தேபாவுக்குச் சந்தேகம் விழுந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் லிசியாத்தே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவான். வெகுநேரம் கழித்து வருவான். தலை காய்ந்திருக்கும், துண்டும் காய்ந்திருக்கும். பாதத்தின் உள்பக்கம் தோல் உரிந்து சிவந்திருக்கும். கிட்டே வந்தால் ஒரு தித்திப்பு வாசனை. கள் வாசனை என்பது யோத்தேபாவுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இறக்கின உடனே குடித்தால் அது பிள்ளைகளுக்கான பானம். ஒரு நாள் விட்டுக் குடித்தால் அது வேறு. போன வருடம் வேறொரு தீவில் ஒரு மிஷனரி புளித்த கள்ளோடு பிடிபட்டு, பாதி ஊழியத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அப்படித் திரும்பி வருகிறவனைக் கூட்டிப்போக டோங்காவில் அவன் அம்மாகூட விமான நிலையத்துக்கு வரமாட்டாள் என்று லிசியாத்தேயே ஒருமுறை சொல்லியிருந்தான்.

சபைக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோத்தேபா மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ராக்கேரா அந்தப் பேச்சை எடுத்தாள்.

அவள் வீட்டில்தான் இருவரும் தங்கியிருந்தார்கள். ராக்கேரா சோறு போடுகிற கை, வசவும் போடுகிற வாய். அவள் புருஷன் கமோரிக்கி தீவிலேயே பேர்போன கள்ளிறக்கி. நெஞ்சு இன்னும் பலகை மாதிரிதான் இருந்தது.

"கெணத்தடித் தோப்புல யாரோ மரம் ஏறுறான்," என்றாள் ராக்கேரா, மீனைப் பங்கு வைத்தபடி. "ஏறுறவன் பாடல."

யோத்தேபாவின் கை தட்டிலேயே நின்றது. பாளை சீவ ஏறுகிறவன் பாட வேண்டும். தராவாவில்கூட அதுதான் முறை. மேலே பாட்டுக் கேட்டால் கீழே குளிக்கிற பெண் துணியை இழுத்துக்கொள்வாள். ஏறியிருப்பவன் யார் என்று ஊருக்குக் குரலே சொல்லிவிடும். வாயை மூடிக்கொண்டு ஏறுகிறவனுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"பேயா இருக்கும்," என்றான் கமோரிக்கி.

"பேய்க்குப் பொம்பளை குளிக்கறதப் பாத்து என்ன ஆகப்போவுது? அதெல்லாம் உசுரோட இருக்கற நாய்க்குத்தான் வேணும்." ராக்கேரா விரலை நக்கினாள். "நாளைக்கு ஊர்க் கூடத்துல பெரியவங்க விசாரிக்கறாங்க. வெளியாளா இருந்தா அடுத்த நாள் வர்ற கப்பல்ல மூட்டை கட்டிர வேண்டியதுதான். ஊர்க்காரனா இருந்தா பன்னி அபராதம். தம்பி, நீங்க ரெண்டு பேரும் வரணுமாம்."

"நாங்க எதுக்கு அக்கா?" என்றான் யோத்தேபா.

"ஊர் ஆம்பளைங்க பாட்டுக் குரல் எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒங்க ரெண்டு பேரு குரல்தான். கோயில்ல பாடறப்ப வாய மட்டும் அசைக்கறீங்க."

லிசியாத்தே தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். கமோரிக்கி அவனைப் பார்க்கவே இல்லை. ஒரே வீட்டில் ஒரே பாயில் சாப்பிடுகிறவர்கள் அப்படிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட வேண்டும். யோத்தேபா அதையும் கவனித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் லிசியாத்தே துண்டை எடுத்ததும் யோத்தேபா வேதப் புத்தகத்தை மடியில் விரித்தான். அவன் பாபாய்க் கிழங்குக் குழியைத் தாண்டும்வரை காத்திருந்து பின்னாலேயே போனான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

லிசியாத்தே கிணற்றுக்குப் போகவில்லை. தோப்பின் பின்பக்கமாகச் சுற்றி, ஒரு தென்னையில் வெட்டியிருந்த படிகளில் காலை வைத்தான். அத்தனை பெரிய உடம்பு சத்தமில்லாமல் மேலே போயிற்று. கிணற்றுப் பக்கம் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது, வாளி மோதும் ஓசை கேட்டது. மேலே ஓலைக்குள் அவன் சட்டையின் முதுகு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பாட்டு இல்லை.

நாளைக்குக் கூடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை யோத்தேபா அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

தாழைப் புதர் விலகியது. கமோரிக்கி வந்தான். கையை ஊன்றி, ஒரு காலை இழுத்து, மரத்தடியில் மெல்ல மெல்ல உட்கார்ந்தான். முழங்கால் மடங்கியபோது அவன் முகம் கோணியது. லிசியாத்தே இறங்கிவந்து கழுத்தில் கட்டியிருந்த கள் பாட்டிலை அவிழ்த்து அவனிடம் கொடுத்தான். சீவுகத்தியையும் கொடுத்தான். கமோரிக்கி இரண்டையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க மரத்தில் இருந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். அப்போதுதான் யோத்தேபாவைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"போதுமான நேரமா."

"முழங்கால் போச்சு," என்றான் கமோரிக்கி. யாரோ ஒருவனுடைய முழங்காலைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. "மழைக்காலத்துலயே போச்சு. கள்ளு எறங்கலன்னா வீட்டுல கேப்பா. அவ கேட்டா ஊரு கேக்கும். இவன் கொரல் மேலேருந்து கேட்டுச்சுன்னா கமோரிக்கிக்கு ஆள் வெச்சு மரம் ஏத்தற காலம் வந்துருச்சும்பாங்க. அதனாலதான் பாடாதன்னேன்."

"நாளைக்கு இவனக் கப்பல் ஏத்திருவாங்க, ஐயா."

"ஏத்த மாட்டாங்க. யாரும் பாக்கல. நீ பாக்கலன்னா யாரும் பாக்கல."

லிசியாத்தே யோத்தேபாவின் தோளைப் பிடித்தான். "நான் வாக்கு குடுத்தேன். நீ பேசாத. கேக்கறாங்க, நீ பேசாத."

யோத்தேபா செருப்பைக் கையிலேயே பிடித்தபடி வீட்டுக்கு நடந்தான். குடிகாரன் இல்லை, பெண்பித்தன் இல்லை என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளும் இந்த இரண்டு பேரும் தன் மூக்குக்குக் கீழேயே ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாமல் சிரித்திருப்பார்கள் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

மறுநாள் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு தூண் ஓரம். வந்தேறிகளுக்குக் கடல் பக்கத்து விளிம்பு. பெண்கள் பின்வரிசையில். கேட்டால் ஒழிய விளிம்பில் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது. தெபானோ என்கிற மூத்தவர் புகையிலையைச் சுருட்டி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கமோரிக்கி," என்றார் அவர். மிஷன் பையன்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன் மரமெல்லாம் அந்தத் தோப்புலதான் இருக்கு. பொழுது சாயறப்ப நீ மேலதான் இருக்க. மேல இருக்கறவனுக்கு எல்லா மரமும் தெரியும். யாரப் பாத்த?"

"யாரையும் பாக்கல."

"சரி. ஒன் பாட்டும் கேக்கலயே. மழைக்காலத்துலேருந்தே கேக்கல."

"தொண்டை கட்டிக்கிச்சு."

"இவ்வளவு நாளாவா?"

பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், எல்லாத் தலைகளும் ஒவ்வொன்றாகக் கமோரிக்கியின் பக்கம் திரும்பின. ஏறினேன் என்கிறான், பாடவில்லை என்கிறான். மேற்கொண்டு விசாரிக்க என்ன இருக்கிறது?

கமோரிக்கிக்கும் அது புரிந்துவிட்டது. அவன் யோத்தேபாவைப் பார்த்தான், தன் முழங்காலைப் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"ஆமா," என்றான். "நான்தான். தொண்டைதான் கட்டிக்கிச்சு, கண்ணு கட்டிக்கலயே. பாத்தேன்."

"இந்த வயசுலயா?" என்றது ஒரு குரல்.

"இந்த வயசுலதான்," என்றான் கமோரிக்கி. அவன் முகத்தில் பெருமையே தெரிந்தது. ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஒரு பன்றி என்றார் தெபானோ. இரண்டு என்றார் இன்னொருவர். காரியம் முடிந்துபோயிற்று. லிசியாத்தே கப்பல் ஏற வேண்டாம்.

யோத்தேபா பின்வரிசையைப் பார்த்தான். ராக்கேராவின் பக்கத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் பாயின் நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவளுக்கு இந்த அவமானம் எதற்கு என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கும் அடியில், தனக்குத் தெரிந்ததை இவர்கள் யாருக்கும் தெரியாது என்பதும் இருந்தது. எது அவனை எழுப்பியது என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. லிசியாத்தே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் எழுந்துவிட்டான்.

"இவர் பொய் சொல்றார்," என்றான். "மரத்துல இருந்தது என் கூட்டாளி. இவருக்கு முழங்கால் போச்சு. மரமே ஏற முடியாது. இவருக்காக அவன் ஏறினான்."

தெபானோ சுருட்டைக் கீழே வைத்தார்.

"நெசமா?" என்றார் தெபானோ, லிசியாத்தேயிடம்.

லிசியாத்தே ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"பொம்பளைங்களப் பாத்தியா?"

"எறங்கறப்ப நான் கண்ண மூடறேன். அதனால கால் தேயுது." காலைத் தூக்கிக் காட்டினான்.

"ஏறறப்ப?" என்றது முன்பு வயதைக் கேட்ட அதே குரல். லிசியாத்தே காது வரை சிவந்து, தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தான். இந்த முறை பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தென்னையிலிருந்து இறங்குகிற ஒரு மலையை நினைத்தால் யாருக்குத்தான் கோபம் வரும்?

கமோரிக்கியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சற்று முன்னால் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள்.

"மரம் ஒன்னுது," என்றார் தெபானோ, மெல்லிய குரலில். நோயாளியிடம் பேசுகிற குரல். "பையன் போகணுமா இருக்கணுமான்னு நீயே சொல்லு."

"டோங்காக்காரன் இருக்கட்டும்," என்றான் கமோரிக்கி. "வாக்கு குடுத்தான், வாயத் தெறக்கல." எழுந்திருக்கத் தூணைப் பிடித்தான். மறைக்கவில்லை, மறைக்க இனி ஒன்றும் இல்லை. "இன்னொருத்தனுக்கு என் வீட்டுல எடம் இல்ல. ஒளிஞ்சு நின்னு பாத்தவன் அவன்தான்."

மறுநாள் கப்பல் வந்து, அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போயிற்று. யாரும் ஏறவில்லை. யோத்தேபா தன் பாயோடும் பெட்டியோடும் கூடத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும் நேரத்தில் ராக்கேரா தட்டில் சோறும் மீனும் கொண்டுவந்து, அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"சாப்பிடு."

"அக்கா, நான் ஒங்களுக்காகத்தான்..."

"எனக்காகன்னு யாரு கேட்டா?" அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "முழங்கால் எனக்குத் தெரியாதா? பாயிலேருந்து எந்திரிக்கறப்ப என் தோளத்தான பிடிக்கறார். எனக்குத் தெரியாதுன்னு அவர் இருந்தார். தெரியாத மாதிரியே நானும் இருந்தேன். பன்னி போயிருந்தா போகட்டுமே. பன்னி மறுபடி குட்டி போடும். ஊரு நாலு நாள் அவர திருட்டுக் கண்ணுக்காரன்னு சொல்லியிருக்கும், நானும் நாலு நாள் சண்டை போட்டிருப்பேன். இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து அவர் வெளியில வரல. செவுத்தப் பாத்துப் படுத்திருக்கார். கெழவன்கிட்ட என்னன்னு சண்டை போடறது?"

தட்டை இழுத்துக்கொள்ள யோத்தேபா எழுந்து போக வேண்டியிருந்தது. அவன் உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

"சீக்கிரம் தின்னு, அவருக்கு இன்னும் சோறு போடல," என்றாள். "அந்தத் தட்டு அவருது."