தார்ப்பாய்க்கு அடியில் பதினைந்து நாள்

அறிக்கையைப் படித்ததும் முருகேஸ்வரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் தெருவில் தூசு அளவோடுதான் இருக்கிறதாம். மாடியில் காயப்போடும் கூழ் வடகம் மத்தியானத்துக்குள் எள்ளு வடகமாகிவிடுகிறது, முகத்தைத் துடைத்தால் துண்டு கறுக்கிறது, இவர்களுக்கு அது அளவு.

சிரிப்பு அடங்கியதும் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் காகிதத்துக்காக இரண்டு வருஷம் நடையாய் நடந்தவள் அவள். துறைமுகத்தை ஒட்டிய நிலக்கரிக் கிடங்கு தெருவோரப் பொட்டல் வரைக்கும் நீளப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து திங்கட்கிழமைதோறும் மனு. கிடங்கு வேண்டாம் என்று ஒரு மனுவிலும் அவள் எழுதவில்லை. அவள் புருஷன் மகாராஜன் அங்கே கரி லோடு அடிக்கிற லாரி டிரைவர். கிடங்கு வளர்ந்தால் அவனுக்கும் வேலை கூடும். தூசைத் தடுக்கத் தெருப்பக்கம் உயரமாக ஒரு வலைச்சுவர், அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு ஒரு அதிகாரி இன்னொருவரைக் கைகாட்டுவார், அந்த இன்னொருவர் கேம்ப் போயிருப்பார்.

கடைசியில் சிவப்பிரகாஷ் என்ற மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இன்ஜினியர்தான் மனம் இறங்கி, ஆடி மாதம் பதினைந்து நாள் அவள் மாடியிலேயே தூசு அளக்கிற மிஷினைக் கொண்டுவந்து வைத்தார். அளவு கூடினால் கிடங்குக்காரர்கள் சுவர் கட்டியே ஆகவேண்டும் என்றார். ஆடிக் காற்றில் கூடாமல் எங்கே போகும் என்று அவளும் நிம்மதியாகத் தினமும் மத்தியானம் வடகம் விற்கக் கிளம்பிப் போனாள்.

இப்போது இந்த அறிக்கை. மிஷின் பழுது, அதுதான் கூடவில்லை என்று திட்டிக்கொண்டே புருஷனுக்குச் சோறு போட்டாள். மகாராஜனுக்கு அது பொறுக்கவில்லை. பழுதாக விடுவேனா என்றான். ராத்திரி லோடு அடித்துவிட்டுப் பகலில் வீட்டில் இருக்கிறவன். காற்று கிளம்பியதும் மாடியேறி மிஷின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவானாம், சாயங்காலம் அவிழ்ப்பானாம். தார்ப்பாய் கட்டாத லோடு கேட்டைத் தாண்டாது. இருபது வருஷப் பழக்கம் அது.

முருகேஸ்வரி கரண்டியும் கையுமாக நின்றாள்.

"யாரு ஒங்கள மூடச் சொன்னா?"

"ஏளா, அரசாங்கத்துப் பொருளு. கரி அப்பிக் கெட்டுப்போனா நம்ம தலையிலல்லா கட்டுவான். மோட்டார் சூடாகாம ஒரு பக்கம் தூக்கித்தான் கட்டுனேன்."

"அங்கன மலை மாதிரி குவிச்சுப் போட்டுருக்கானே, அத மூட ஒரு நாதியில்ல. நீங்க மிஷின மூடியிருக்கிய."

மறுநாள் சிவப்பிரகாஷ் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மூடிய ஆள் கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால் மறுபடி அளக்கலாம், ஆனால் அதன் நகல் கிடங்குக்கும் போகும் என்றார். மகாராஜனின் கேட் பாஸ் அந்தக் கிடங்கு கொடுத்தது. அவன் பேரைப் பார்த்த மறுநிமிஷம் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி, போனது போகட்டும், விட்டுவிடுவோம் என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.  மகாராஜன் பேனாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"எழுதுளா. நான்தான் மூடுனேன்னு எழுது."

எழுதினாள். அவன் தேதி தேதியாகச் சொன்னான். ஒரு பக்கம் தூக்கிக் கட்டியதையும் விடாமல் எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டான்.

நாலாம் நாள் கேட்டில் அவன் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மிஷின் திரும்ப வந்தது.

அன்றைக்கு முருகேஸ்வரி வடகம் விற்கப் போகாமல் மாடியேறினாள். காற்று பேயாய் அடித்துக்கொண்டிருந்தது. மகாராஜன் மிஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிஷின்மேலும் கரி, அவன் தலையிலும் கரி.

"நல்லா ஏறுதுளா," என்றான். "செவரு வந்துரும்."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் கூடுதலாக இருந்தது. தங்கள் மூக்குக்கு முன்னால் பறக்கிற கரியைத் தாங்களே நிரூபிக்க வேண்டும், அதற்கு அவன் பிழைப்பையும் கொடுக்க வேண்டும். முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.