ஒன்பதாம் வார்டு ஒரு ஓட்டில் போன கதை

ஒன்பதாம் வார்டை ஒழித்துவிட்டார்கள். எல்லைக்கோட்டை அங்கே இழுத்து இங்கே வளைத்ததில் அது இரண்டாகப் பிளந்து, பாதி நாலாம் வார்டோடும் பாதி பத்தாம் வார்டோடும் ஒட்டிக்கொண்டது. அழுவதற்கு ஆளில்லை. ஆனால் குற்ற உணர்ச்சியோ என்னவோ, இப்படிப் போய்ச் சேர்ந்த வார்டுகளுக்கு ஆண்டு மலரில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, அவற்றின் தேர்தல் வரலாற்றை எழுதச் சொல்லி நகரசபை, தன் நூலகத்துப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டது.

வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் இரண்டு தடவையும் பல் டாக்டர் போட்டியின்றி ஜெயித்தார். என்றைக்காவது ஒருநாள் அவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு படுக்க வேண்டியிருக்குமே என்று யாரும் எதிர்த்து நிற்கவில்லை. அவர் ஓய்ந்த பிறகுதான் தேர்தல் என்று சொல்லும்படி ஒன்று நடந்தது. ரொட்டிக்கடைக்காரரும் தையல்காரரும் மோதினார்கள். தையல்காரர் ஒரே ஒரு ஓட்டில் மண்ணைக் கவ்வினார். திரும்பத் திரும்ப எண்ணியும் அந்த ஒன்று அசையவில்லை. அதன் பிறகு வார்டு இருந்த வரைக்கும் ரொட்டிக்கடைக்காரர் ராஜ்யம்தான்.

ஆயிரம் ஓட்டில் தோற்றிருந்தால் தையல்காரர் அந்த வாரமே மறந்திருப்பார். ஒரு ஓட்டில் தோற்றவனுக்கு எதிரில் வருகிற ஒவ்வொரு முகத்தின் மேலும் சந்தேகம். பழைய சட்டையைச் சின்னதாக்கக் கொண்டு வருபவர்களிடம்கூட, அளவு எடுக்கிற சாக்கில் ஆழம் பார்த்தார். கடைசியில் பழி விழுந்தது பஸ் டிரைவர் மேல், அதாவது சொந்த மச்சான் மேல். ஓட்டுப் போட்ட கையோடு அவன் ரொட்டிக்கடை வாசலில் நின்று பன் தின்றதை ஒருவர் பார்த்திருந்தார். தையல்காரருக்கு அது போதும். அன்றைக்கு மச்சானை வீட்டுப் படி ஏறாதே என்றவர், சொன்ன வாக்கை இருபது வருஷமாகக் காப்பாற்றினார். மகள் கல்யாணத்துக்குக்கூட அவனை அழைக்கவில்லை.

மலர் அச்சுக்குப் போகுமுன் ஒருநாள் பிற்பகல் நூலகத்துப் பெண் தையல்கடைக்கு வந்து, எழுதியதை வாசித்துக் காட்டினாள். வீட்டின் முன்னறைதான் கடை. மூலையில் முக்காலி போட்டு, தையல்காரரின் மனைவி ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள்.

"'நெருங்கிய உறவினர் ஒருவர் செய்த துரோகத்தால் ஒரு ஓட்டில் வெற்றியை இழந்தார்.' நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கேன் ஐயா."

"'மனைவியின் தம்பி'ன்னு தெளிவாப் போடும்மா. உறவினர்னா எங்க சித்தப்பாவை நினைச்சுப்பாங்க."

"போடலாம். ஆனா ஒருத்தரைப் பத்தி இப்படி எழுதினா அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். அதனால வரச் சொல்லியிருக்கேன்."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். வாசலில் காக்கிச் சட்டையோடு மச்சான் நின்றுகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. உள்ளே வரலாமா என்பதுபோல் அக்காவைப் பார்த்தான்.

"நீங்க வாயால சொல்றது காத்தோட போயிடும் அத்தான்," என்றான். "அச்சுல ஏறினா என் பேரப்பசங்க படிப்பாங்க. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. வேற எதுவும் கேக்க வரல."

"அப்ப நீ அவனுக்குப் போடலையா?"

"பசிச்சுது, பன் சாப்பிட்டேன். அவ்வளவுதான்."

"என் காதுல பூ சுத்தாதே. அப்புறம் யார் போட்டா?"

மூலையிலிருந்து, ஹூக்கை விட்டுக் கண்ணை எடுக்காமலே, மனைவி சொன்னாள்.

"நான்தான் போட்டேன்."

தையல்காரரின் முகத்தில் ஈ ஆடவில்லை. நூலகத்துப் பெண் பேனாவை மெதுவாக மூடி வைத்தாள்.

"நீயா?"

"நானேதான். வாசல்ல சாக்கடை திறந்து கிடந்துச்சு. பலகை போட்டுத் தாண்டினோம். சின்னவன் ரெண்டு தடவை உள்ள விழுந்தான். ரொட்டிக்கடைக்காரர் ஸ்லாப் போட்டு மூடறேன்னார். நீங்க என்ன சொன்னீங்க? ஜெயிச்சா முச்சந்தியில கலர் லைட்டோட நீரூற்று வைப்பேன்னீங்க. நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நீங்க காதுல வாங்கல."

"அதுக்காக எதிராளிக்கா போடுவே?"

"அவர் மூடினாரா இல்லையா? அந்த ஸ்லாப் மேல நின்னுக்கிட்டுத்தானே இத்தனை வருஷமா என் தம்பியைத் திட்டறீங்க."

தையல்காரர் வாசலைப் பார்த்தார். ஸ்லாப் நன்றாகத்தான் இருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை.

"உனக்குத் தெரியுமா இது?" என்று மச்சானிடம் கேட்டார்.

"அன்னைக்கே அக்கா சொல்லிட்டா. உங்ககிட்டயும் சொல்றேன்னு கிளம்பினா. நான்தான் வேணாம்னேன். நீங்க கையில பெரிய கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டு நின்னீங்க. கோபம் தணியட்டும்னு பார்த்தோம்."

"இருபது வருஷமாவா?"

"தணியலையே அத்தான்."

மனைவியின் கை நின்றுவிட்டது. "கல்யாணத்தப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும்," என்றாள். "மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி நீங்க ஆடிடுவீங்களோன்னு பயந்தேன். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

"நான்தான் பார்த்துட்டேனே அக்கா," என்றான் தம்பி. "அன்னைக்கு எனக்கு மண்டபத்து ரோட்டுலதான் வண்டி. வாசல்ல வந்ததும் ரொம்ப மெதுவா ஓட்டினேன். பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினாங்க. பொண்ணு பச்சைப் புடவையில நின்னுக்கிட்டு இருந்தா. லட்சணமா இருந்தா."

தன்னுடைய ஓட்டைத் தள்ளிவிட்டால் இந்தக் குடும்பத்திலிருந்து தையல்காரருக்கு விழுந்த ஓட்டு ஒன்றே ஒன்று. அதைப் போட்டவனைத்தான் தேடிப்பிடித்து வெளியே நிறுத்தியிருக்கிறார். அவருக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். வார்த்தை வருவேனா என்றது. நூலகத்துப் பெண்ணின் கையிலிருந்த தாளை வாங்கி, அந்த வரியை மட்டும் கத்தரிக்கோலால் நறுவிசாக வெட்டி எடுத்தார்.

"கோடு போட்டு அடிச்சிருந்தாலே போதுமே ஐயா," என்றாள் அவள். "பின்பக்கம் பல் டாக்டர் இருந்தார்."

"அவர் எங்க போகப்போறார், மறுபடி எழுதிக்கோ. நான் ஒரு ஓட்டுல தோத்தேன்னு மட்டும் போடு. யாரால, எதுனாலன்னு எதுவும் வேணாம்." பிறகு மச்சான் பக்கம் திரும்பாமலே, "ஏண்டா வாசல்லயே நிக்கறே, உள்ள வந்து உக்காரு," என்றார். அவன் உட்கார்ந்ததும் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். "தப்புப் பண்ணிட்டேன்டா. கல்யாணத்துல நீ என் பக்கத்துல நின்னிருக்கணும்."

"விடுங்க அத்தான்," என்று அவன் மூக்கை உறிஞ்சினான்.

தையல்காரருக்குள் என்னவோ கணக்கு ஓடத் தொடங்கியது. ஓடினால் அதை நிறுத்த அவருக்கே தெரியாது.

"ஏன்டா, வர தேர்தல்ல நான் மறுபடி நின்னா எனக்குப் போடுவியா?"

"ஆசைதான் அத்தான், முடியாதே. எங்க தெருவை நாலோட சேர்த்துட்டாங்க. உங்க தெரு பத்துக்குப் போயிடுச்சு. இனிமே உங்களுக்கு அக்கா ஓட்டுதான்."

தையல்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிதானமாக ஊசியில் நூலைக் கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டாள்.

"வாக்குறுதி என்னன்னு முதல்ல சொல்லுங்க," என்றாள்.