கொம்பு ராஜாவுக்கு, கறி ஊருக்கு

ராஜா சுட்டுச் சாய்த்த வரையாட்டை என் மச்சான் பசீல் அறுத்துக்கொண்டிருந்தபோது நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பு ராஜாவுக்கு, கறி, ஆட்டை விரட்டிக் கொடுத்த எங்கள் ஊருக்கு. அதுதான் ஏற்பாடு. கிழட்டுக் கிடாவின் இதயத்துக்குள் சிலுவை மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் பிரசவம் நல்லபடியாக முடியும் என்பது எங்கள் மலையின் நம்பிக்கை. அது எப்படியோ அரண்மனைப் பெண்களின் காதுக்கும் போய்விட்டது. அன்று முதல் எலும்பும் அவர்களுக்கே.

என் மனைவி உர்சூல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இப்போது நிறைமாதம். முந்தின நாளே அந்த எலும்பைக் கேட்டுப் பசீலிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"உன் தங்கச்சிக்குத்தானே மச்சான் கேக்குறேன்."

"சத்தியம் பண்ணித்தான் இந்தக் காவக்காரத் தொப்பியப் போட்டிருக்கேன். திருட்டு வேட்டைக்காரனா இருந்த என்னக் கூப்பிட்டுச் சோறு போட்ட மனுஷன்யா ராஜா. அவருக்கே துரோகம் பண்ணச் சொல்றியா?"

அதுவும் உண்மைதான். யாரெல்லாம் திருட்டுத்தனமாக வேட்டையாடினார்களோ அவர்களையே தன் வேட்டைக்காட்டுக்குக் காவலாக வைத்துக்கொண்டார் ராஜா. துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலியையும் இப்படித்தான் சேர்த்தார் போலிருக்கிறது. இந்த வசந்தத்தில் முழு நாட்டுக்கும் அவரே ராஜா என்றார்கள். எங்களுக்கு அந்த நாட்டின் பாஷைகூடத் தெரியாது. ஆனாலும் வெங்காயமும் ரொட்டியும் கடித்துக்கொண்டு மலையேறும் அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அன்று மட்டும் வெறுத்தேன்.

வேலை செய்யும்போது பசீல் ஓயாமல் சீட்டியடிப்பான். அன்று முதலில் அடித்துக்கொண்டுதான் இருந்தான். இதயத்தைப் பிளந்து முகத்தருகே தூக்கிப் பார்த்தவன், சீட்டியை நிறுத்திவிட்டு அதை எலும்புக்காகக் காத்து நின்ற அரண்மனை அதிகாரியிடம் நீட்டினான். அவர் விரலால் கிண்டினார். எலும்பு இல்லை. ஏதோ கேட்டார். பசீல் தலையை மட்டும் ஆட்டினான். இதயம் நாய்களுக்குப் போயிற்று.

இறங்கும் வழியெல்லாம் நான் பேசினேன், திட்டினேன். அவன் பதிலே சொல்லாமல் முன்னால் நடந்தான். உத்தியோகத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் உர்சூல் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "என்னண்ணே, வந்ததுலேர்ந்து பேச்சே காணோம். வாயில என்ன கொழுக்கட்டையா?"

பசீல் தொப்பியைக் கழற்றி, ராஜாவின் பித்தளைச் சின்னம் கீழே இருக்கும்படி மேஜையில் கவிழ்த்தான். அவள் கையை இழுத்து, குனிந்து, உள்ளங்கையில் துப்பினான். எச்சிலும் ரத்தமுமாக அந்தச் சின்ன எலும்பு விழுந்தது.

அவள் கையை மூடிக்கொண்டு அழுதாள். பசீல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சீட்டியடிக்கப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது.